சந்தா கட்டிய மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும், பிரிட்டனில் பழைய கட்டடங்களையும் நிலங்களையும் காக்கும் நேஷனல் டிரஸ்டில் உறுப்பினராகிவிட்டீர்கள் என்று கேட்டதும் அத்தனை சந்தோஷம். கார் நிறுத்தக் காசில்லை, நுழைவு டிக்கெட்டும் வேண்டாம் என்று மாப்பிள்ளை கணக்குச் சொன்னார். சரிதான். அந்தச் சந்தா எதையெல்லாம் காப்பாற்றுகிறது என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

1895இல் ஆக்டேவியா ஹில்லும் இரண்டு நண்பர்களும் தொடங்கிய அமைப்பு அது. மறு ஆண்டே சசெக்ஸில், ஆல்ஃபிரிஸ்டன் என்ற ஊரில், பாழடைந்து கிடந்த 14ஆம் நூற்றாண்டுப் பாதிரியார் வீட்டைப் பத்து பவுண்டுக்கு வாங்கினார்கள். அவர்கள் வாங்கிய முதல் கட்டடம். அங்கே போனால் தரையைக் கவனி. சுண்ணக்கல்லை இடித்துப் பரப்பி, புளித்த பாலை ஊற்றி இறுக்கிய தரை. சாணம் மெழுகிய நம் ஆச்சி வீட்டுத் தரைதான் எனக்கு நினைவு வருகிறது.

1907இல் வந்த சட்டம் இன்னும் பெரிய காரியம். டிரஸ்ட் ஓர் இடத்தை நிரந்தரமாகக் காக்க வேண்டியது என்று அறிவித்துவிட்டால், பிறகு விற்கவோ அடகு வைக்கவோ முடியாது. அரசாங்கமே கேட்டாலும், டிரஸ்ட் மறுத்தால் விவகாரம் நாடாளுமன்றம் வரை போக வேண்டும். கண்மாய்கள் கட்டடங்களாக மாறிய மதுரையில் வளர்ந்த உனக்கு இதன் அருமை தெரியும்.

வேல்ஸில் உள்ள பொவிஸ் கோட்டைக்கு அவசியம் போ. ராபர்ட் கிளைவின் மகன் எட்வர்ட் சென்னையில் கவர்னராக இருந்தபோதுதான், 1799இல், சீரங்கப்பட்டணம் விழுந்தது. திப்பு சுல்தானின் கூடாரம் அந்தக் குடும்பத்தின் கைக்குப் போய், இன்றும் அங்கே இருக்கிறது. பருத்தித் துணி முழுக்கப் பூவேலை. பின்னாளில் தோட்டத்து விருந்துகளுக்கு அதைப் பந்தலாகக் கட்டினார்களாம். நெஞ்சு கொதிக்கிறது.

தன் பொறுப்பில் உள்ள 93 இடங்களுக்கு அடிமை வணிகத்தோடும் காலனி ஆட்சியோடும் தொடர்பு உண்டு என்று 2020இல் டிரஸ்டே அறிக்கை வெளியிட்டது. பொவிஸும் அதில் இருக்கிறது. உறுப்பினர் சிலருக்குக் கோபம். எனக்கோ அதன் பிறகுதான் டிரஸ்ட் மீது மரியாதை கூடியது. சுவரைப் பூசிவிட்டு, அந்தச் சுவர் எழும்பிய பணத்தின் கதையை மறைப்பது பாதுகாப்பு ஆகாது.

ஆண்டுக் கூட்டத்தில் உனக்கும் ஒரு வாக்கு உண்டு. தீர்மானங்களைப் படித்துப் பார்த்துப் போடு. வேலை இருந்தது, மறந்துவிட்டேன் என்று மட்டும் சொல்லாதே.

அன்புடன்,
அம்மா