வில்லில் காந்தி கதை சொல்லலாமா?

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். தாமிரபரணியில் தண்ணீர் நிறையப் போகிறது, பிசானப் பருவ நெல் நடவும் முடிந்துவிட்டது.

பொங்கல் விழாவுக்கு நீயும் தோழிகளும் வில்லுப்பாட்டு நடத்தப் போகிறீர்கள் என்றதும் எனக்குத் தூக்கமே வரவில்லை. அவ்வளவு மகிழ்ச்சி. ஆனால் நம் பக்கத்துப் பெரியவர் ஒருவர், "வில் சாமிக்கு உரியது, அதில் காந்தி கதை சொல்வதா?" என்று கேட்டதால் நீ தயங்குவதாகச் சொன்னாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

தயங்காதே அம்மா. அந்தக் கேள்விக்குத் தன் வாழ்க்கையையே பதிலாகத் தந்தவர் நம் மண்ணில் பிறந்திருக்கிறார். சுப்பு ஆறுமுகம் ஐயா 1928-இல் திருநெல்வேலிக்குப் பக்கத்தில் சத்திரம் புதுக்குளத்தில் பிறந்தவர். இளம் வயதிலேயே கவி கட்டும் திறமை அவருக்கு இருந்தது. அதைக் கண்டுகொண்டு சென்னைக்கு அழைத்துப் போனவர் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன். கலைவாணர் வில்லில் பாடிய காந்தி மகான் கதையை எழுதித் தந்தவரே சுப்பு ஆறுமுகம்தான். ஆகவே நீ புதிதாக எதையும் மீறிவிடவில்லை. அவர்கள் போட்ட பாதையில்தான் போகிறாய்.

1957-இல் கலைவாணர் மறைந்தார். ஆதரித்தவர் போன பிறகும் சுப்பு ஆறுமுகம் வில்லைக் கீழே வைக்கவில்லை. கலைவாணருக்கு எழுதியதுபோலவே நாகேஷ் படங்களுக்கும் நகைச்சுவைப் பகுதிகள் எழுதினார். வானொலியில் பாடினார், தொலைக்காட்சியில் பாடினார், நூல்கள் எழுதினார். கவிஞர், பாடகர், கதைசொல்லி, நகைச்சுவை எழுத்தாளர் என்று அவரைப் பலவிதமாகச் சொல்வார்கள். எனக்கு அப்படிப் பிரித்துப் பார்க்கத் தோன்றுவதில்லை. கோயில் கொடைத் திருவிழாக்களில் வில்லுப்பாட்டுக்குத் தாளமாகக் குடம் அடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அத்தனையும் வில்லுக்குள்ளேயே இருக்கின்றன.

எப்படி என்கிறாயா? வில்லடித்துக் கதை பாடும் புலவர் ஒரு வரி சொன்னதும் பக்கத்தில் இருப்பவர் "ஆமாம்" என்கிறார் அல்லவா? அந்த ஆமாமில்தான் எல்லாம் இருக்கிறது. கதையில் குழந்தை பிறந்தால் அது துள்ள வேண்டும். தலை உருண்டால் அடித்தொண்டைக்கு இறங்க வேண்டும். சில இடத்தில் ஆமாம் போடாமல், "அதெப்படி அண்ணாச்சி?" என்று மடக்க வேண்டும். புலவர் அதற்குப் பதில் சொல்லும்போது கூட்டம் சிரிக்கும், அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்த பாட்டை எடுத்துவிடுவார். இந்த மடக்கும் பதிலும் கைவந்தவருக்குத் திரையில் இருவர் பேசிச் சிரிக்க வைக்கும் காட்சியை எழுதுவது அயல் வேலையாகவா இருந்திருக்கும்?

பெரியவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. சுடலைமாடன் கொடையில் கதை உச்சத்துக்குப் போகும்போது வில் நாணை அடிக்கும் வீசுகோல் விழுகிற வேகத்தில் வில்லில் கட்டிய மணிகள் அத்தனையும் அதிரும். சாமியாடும் கோமரத்தாடி அருள் வந்து எழுந்துவிடுவார். அங்கே பாட்டு சாமியை அழைக்கிற வேலையைச் செய்கிறது. முத்துப்பட்டன் கதையை விடிய விடியக் கேட்டவர்கள்தான் காரையாற்றுச் சொரிமுத்து ஐயனார் கோயிலில் பட்டவராயன் என்று சாமியாக வணங்கப்படும் அந்த முத்துப்பட்டனுக்குச் செருப்பு காணிக்கை வைக்கிறார்கள். மேடையில் கடிகாரம் பார்த்துப் பாடும் கதைக்கு அந்த வலு வராது. அந்த இழப்பு எனக்கும் வருத்தம்தான். ஆனால் கொடைக்கு வர முடியாத ஊர்களுக்கெல்லாம் வில் போய்ச் சேர்ந்தது சுப்பு ஆறுமுகம் ஐயா போன்றவர்களால்தான். 2021-இல் ஐயாவுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தபோது நம் தெருவில் வில் தொட்டவர்கள் எல்லோரும் தமக்கே கிடைத்ததுபோல் பேசிக்கொண்டார்கள். 2022 அக்டோபரில் அவர் காலமானார். மகள் பாரதி திருமகன் இன்றும் வில்லோடு மேடையேறுகிறார். பெண்கள் நடத்தலாமா என்று இனி யாராவது கேட்டால் அவரைக் காட்டு.

இனி உன் நிகழ்ச்சிக்கு வருகிறேன். இருபது நிமிடம்தான் தருவார்கள் என்றாய். காந்தியின் வாழ்க்கை முழுவதையும் அதில் திணிக்காதே. தண்டி யாத்திரை ஒன்றை மட்டும் எடுத்துக்கொள். 1930-இல் சபர்மதியிலிருந்து 24 நாள் நடை, முடிவில் ஒரு பிடி உப்பு. நடைக்குத் தாளம் தானாக வரும், "உப்புக்கா இவ்வளவு தூரம்?" என்று உன் தோழி மடக்க இடமும் இருக்கிறது. தந்தனத்தோம் பாடித் தொடங்கு, குருவணக்கத்தில் சுப்பு ஆறுமுகம் ஐயாவின் பெயரைச் சேர்த்துக்கொள்.

குடத்துக்குப் பித்தளைப் பாத்திரம் போதும் என்று எழுதியிருந்தாய். போதாது. மண் குடம்தான் வேண்டும். காருகுறிச்சியில் நானே தட்டிப் பார்த்து இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன். உன் அண்ணன் அடுத்த வாரம் அங்கு வரும்போது வைக்கோல் சுற்றிக் கொண்டுவருவான். ஒன்று உடைந்தாலும் மற்றொன்று இருக்கும். பாட்டை எழுதி முடித்ததும் அலைபேசியில் பாடி அனுப்பு. ஆமாம் எங்கே விழ வேண்டும் என்று குறித்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா