காம்ரேட்ஸ் ஓட்டத்திற்குச் செல்வோர் கவனத்திற்கு

அனைவருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் வரை மேலேறும், மாரத்தானைவிட இருமடங்கு நீளமான காம்ரேட்ஸ் ஓட்டத்திற்குப் பதிவு செய்துள்ள உறுப்பினர்களுக்கான அடுத்த நீண்ட பயிற்சி, ஞாயிறு அதிகாலை 4 மணிக்கு ஏலகிரி அடிவாரத்தில் தொடங்கி, 14 கொண்டை ஊசி வளைவுகளையும் இருமுறை ஏறி இறங்குவதாக அமையும். வேகம் தேவையில்லை, ஏற்றத்தில் எங்கே ஓடுவது, எங்கே நடப்பது என்று பழகுவதே நோக்கம், ஏனெனில் காம்ரேட்ஸில் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் ஓடிக் கால்கள் கனத்த பிறகுதான் பாலி ஷார்ட்ஸ் மேடு எதிர்ப்படும், 12 மணி நேரக் கெடு முடிந்து துப்பாக்கி வெடித்தபின் ஓரடி பிந்தி வருபவருக்கும் பதக்கம் கிடையாது. உப்பிட்டு வேகவைத்த உருளைக்கிழங்கை ஓட்டத்தின் நடுவே தின்று, வயிறு ஏற்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள். அடுத்த வாரம் மாரத்தான் போட்டியில் ஓடுவோர் ஒருமுறை ஏறினால் போதும். அங்கே சொந்தச் சாதனையை முறியடிக்கும் ஆசையை ஒத்திவைப்பது நல்லது என்பது என் கருத்து. வருவோர் வெள்ளி இரவுக்குள் பெயரைத் தெரிவிக்கவும், தலைவிளக்கு கட்டாயம்.