மணி அடிக்க அனுமதி தருவது யார்? – குடியிருப்பு சொசைட்டி நிர்வாகக் குழுவுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய சேர்மன், செகரட்டரி, குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

கேட்டில் புதிதாக மாட்டியிருக்கும் 'விற்பனையாளர்களுக்கு அனுமதி இல்லை' போர்டைப் பற்றித்தான் எழுதுகிறேன். குழுவில் பாதிப்பேர் நம்மவர்கள் என்பதால் தமிழிலேயே எழுதுகிறேன்.

போர்டு வந்தபின் நின்றுபோனவர்கள் யார்? காலையில் ஹாரன் அடித்துக்கொண்டு சைக்கிளில் வரும் இட்லிக்காரரும், வெள்ளிக்கிழமைப் பூக்காரம்மாவும்தான். டை கட்டி வருகிறவர்கள் வழக்கம்போல மாடி மாடியாக மணி அடிக்கிறார்கள். லாபியில் மேஜை போடும் கம்பெனிகளிடம் சொசைட்டி கட்டணம் வாங்குகிறது. சாயங்காலமானால் அவர்களே மேலே ஏறிவிடுகிறார்கள். கேட்டால், "ஆபீஸில் பணம் கட்டித்தான் வந்தோம்" என்கிறார்கள். என் வீட்டு வாசலுக்கு நீங்கள் எப்படி ரசீது போட முடியும்?

போன மாதம் தண்ணீர் ஃபில்டர் விற்க வந்த ஒரு பையன், பக்கத்து வீட்டு மாமியின் டம்ளரில் இரண்டு கம்பி உள்ள கருவியை விட்டான். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் செம்பழுப்பாகி, மேலே நுரை கட்டியது. மாமி ஆடிப்போய்விட்டார். விஷயம் இதுதான்: தண்ணீரில் இயல்பாகவே இருக்கும் உப்புகளால் மின்சாரம் பாய்கிறது, அந்த இரும்புக் கம்பியே கரைந்து துருவாகிறது. அவன் கொண்டுவந்த ஃபில்டர் தண்ணீரில் உப்பு குறைவு, அதனால் நிறம் மாறவில்லை. 2019-இல் மத்திய நுகர்வோர் அமைச்சகம் வெளியிட்ட குழாய்நீர்ப் பரிசோதனையில் தரத்தில் முதலிடம் நம் மும்பைக்குத்தான் என்று மாமிக்குச் சொன்னேன். நம்பினாரா, தெரியவில்லை. பாவம், அந்தப் பையனுக்கும் டார்கெட் இருக்கும்.

2021 டிசம்பரில் வந்த நேரடி விற்பனை விதிகளைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். அடையாள அட்டையும், முன்கூட்டியே வாங்கிய நேரமோ ஒப்புதலோ இல்லாமல் நுகர்வோர் வீட்டுக்குப் போகக்கூடாது. யார், எந்தக் கம்பெனி, எதற்காக வந்தோம் என்பதை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட வேண்டும். அந்த ஒப்புதலைத் தர வேண்டியது வீட்டுக்காரர்.

அதே மாதிரி, பூக்காரம்மாவைக் காம்பவுண்டுக்குள் விடாதது உங்கள் இஷ்டம், சரி. ஆனால் கேட்டுக்கு வெளியே ரோட்டில் நிற்பவரை வாட்ச்மேனை விட்டு விரட்டுவது வேறு கதை. தெரு வியாபாரிகள் சட்டம், 2014 கூடை தூக்கி அலைகிறவர்களுக்கும் பொருந்தும். ரோடு சொசைட்டியின் சொத்தும் அல்ல.

யார் வந்தாலும் வாட்ச்மேன் முதலில் இன்டர்காமில் அந்த வீட்டைக் கேட்கட்டும். வேண்டாம் என்றால் அங்கேயே திருப்பி அனுப்பட்டும். யாரும் தேவையில்லை என்கிற வீடுகளின் பட்டியல் அவரிடம் இருந்தால் அந்த போனும் மிச்சம். ஏமாந்தவர்கள் கூப்பிட 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணையும் லிஃப்ட் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.

இதை அடுத்த பொதுக்குழு அஜெண்டாவில் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன். லாபி மேஜைக்கு இதுவரை எவ்வளவு வாங்கினீர்கள், எந்தக் கணக்கில் வரவு வைத்தீர்கள் என்பதையும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
பி விங் உறுப்பினர்,
செம்பூர், மும்பை