முழங்கால் மாத்திரையை நிறுத்து

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் நேற்று வந்தது. மகளுக்கு நல்ல இடத்தில் வரன் அமைந்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் கடைசியில், "முழங்கால் வலிக்கு மெடிக்கலில் வாங்கும் மாத்திரையில்தான் நான்கு மாதமாக வண்டி ஓடுகிறது" என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்து மனம் சரியில்லை.

அண்ணன் சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸில், அதாவது இயந்திரம் ரத்தத்தைச் சுத்திகரிக்கும் சிகிச்சையில், இருப்பதை உனக்கு எழுதவே கை வரவில்லை. தை மாதம் தொடங்கியது. வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். இடது கையில் ரத்தக் குழாய்களை இணைத்திருக்கிறார்கள். அதன்மேல் விரல் வைத்தால் உள்ளே வண்டு ரீங்கரிப்பதுபோல் அதிர்கிறது. ஒரு நாளைக்கு ஒரு லிட்டர்தான் நீர். காபியும் ரசமும் அதற்குள் அடக்கம். பம்புசெட்டில் வாய் வைத்துக் குடித்த மனிதர், அண்ணி அளந்து வைத்த சொம்பை மாலையில் சாய்த்துப் பார்க்கிறார்.

அவருக்கு ரத்த அழுத்தம் இருந்தது. தலைசுற்றல் இல்லையே என்று மாத்திரையை நிறுத்திவிட்டார். சிறுநீரகம் வலித்துக் காட்டிக்கொடுக்காது. ஒவ்வொன்றிலும் சுமார் 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள். அழுத்தமும் சர்க்கரையும் அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக அழிக்க, மிஞ்சியவை சேர்த்து உழைத்துக் குறையை மறைத்துவிடும். ஏறக்குறையப் பாதி போன பிறகே, ரத்தத்தில் சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவான கிரியாட்டினின் ஏறும். உனக்குச் சர்க்கரை வந்து 12 வருடம். கிரியாட்டினின் மட்டும் பார்த்து நிம்மதியடையாதே. சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்றும் பார்க்கச் சொல். ஆரம்பத்தில் தெரிந்தால் கட்டுப்படுத்த மருந்து இருக்கிறது.

டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். நீயோ வெயிலில் வயலில் நின்று வியர்த்து, தண்ணீர் குடிக்காமல், வெறும் வயிற்றில் அதைப் போடுகிறாய். கோபமாக வருகிறது. வலியைப் பொறுத்துக்கொள் என்று சொல்லவில்லை. மருத்துவரிடம் சர்க்கரை இருப்பதைச் சொல்லி, வேறு வழி கேள். சர்க்கரைக்கும் அழுத்தத்துக்கும் தந்த மாத்திரைகளை மட்டும் நீயாக நிறுத்திவிடாதே.

ஊறுகாயும் கருவாடும் உனக்கு உயிர் என்று தெரியும். நாளுக்கு ஒரு தேக்கரண்டி உப்புக்குள் எல்லாம் அடங்க வேண்டும். தங்கையிடம் நானே பேசுகிறேன்.

இந்த வாரமே போ. பரிசோதனைச் சீட்டு வந்ததும் ஒரு நகல் அனுப்பு. அண்ணனும் கேட்கச் சொன்னார்.

என்றும் அன்புடன்,
உன் பள்ளித் தோழன்