2024-25 ஆண்டறிக்கை

தலைவர் அண்ணாச்சிக்கும் வந்திருக்க எல்லாருக்கும் வணக்கம். சுருக்கமா வாசிச்சிருவேன்னு போன வருசமும் சொன்னேன், நடக்கல.

மாசக்கூட்டம் ரெண்டு மழையில போச்சு, மத்ததெல்லாம் நடந்துது. கணக்க பொருளாளர் வாசிப்பாரு.

இந்த வருசம் நெறைய பேசுனது மருந்து வெலையத்தான். சுகர் கேம்புக்கு ரத்தத்துல சுகர் பாக்குற ஸ்ட்ரிப் வாங்க தக்கலையில ஒரு கடைக்குப் போனோம், எம்.ஆர்.பி.ல பத்து சதவீதம் கழிச்சு தாறேன்னாரு, எங்களுக்கு பெரிய சந்தோசம், பிறகுதான் மார்த்தாண்டத்துல இன்னொரு சங்கத்துக்காரங்க அதே டப்பாவ பாதி வெலைக்கு வாங்குனது தெரிஞ்சுது. அந்த பில்ல போன்ல காட்டுனதும் தக்கலை கடைக்காரரும் எறங்கி வந்தாரு.

இத கூட்டத்துல சொன்னப்போ, ஆஸ்பத்திரி ஸ்டோர்ல இருந்து ரிட்டயர் ஆன நம்ம மெம்பர் சிரிச்சாரு. அரசாங்கம் வாங்குறதும் இதே கததானாம். 1994ல அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்கிக் குடுக்க தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வந்தப்பறம் மாநிலம் முழுக்க ஒரே டெண்டர், தகுதி பாக்குற கவர் தனி வெல கவர் தனி, ஆகக் கொறஞ்ச வெல யாருதோ அதுக்கு மத்த கம்பெனியும் வாறியளான்னு கேப்பாங்க, முடிவான ரேட்டு வெளிய தெரியும், அப்போ பக்கத்து மாநிலத்துக்காரன் "அங்க இந்த வெலைக்குத் தந்திருக்கியே"ன்னு கேக்கலாம்லா.

எம்.ஆர்.பி.ய வச்சு பேரம் பேசாதீங்கன்னும் சொன்னாரு. 2013 மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணப்படி, அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல உள்ள மருந்துக்கு உச்ச வெல போடும்போது, சந்தையில 1 சதவீதமாவது விக்கிற பிராண்டுகள கடைக்கு என்ன வெலைக்கு குடுக்கான்னு சராசரி எடுத்து, அதுமேல கடைக்காரருக்கு 16 சதவீதம் சேக்கதாம். செய்ய எவ்வளவு செலவுங்கது அந்தக் கணக்குலயே இல்ல! இத்தன வருசமா அச்சடிச்சதுதான் அசல்னு நெனச்சிருந்த எனக்கு நாணமாப் போச்சு.

ஒரு அக்கா எந்திரிச்சு, ரேட்டு வெளிய தெரிஞ்சா கம்பெனிக்காரனும் பாப்பான்லா, எல்லாவனும் அதையே போட்டா என்ன செய்யன்னு கேட்டாவ. விக்கிறது ரெண்டு மூணு பேருன்னா அப்படித்தான், ஒருத்தருக்கு கொறச்சா மத்தவியளும் கேப்பாவன்னு பயந்து யாருக்குமே கொறைக்க மாட்டான்னு அவரும் ஒத்துக்கிட்டாரு. எவ்வளவு வாங்குறோம், பணம் எப்ப குடுப்போம்ங்கதும் சேத்து பாக்கணுமாம், மாசக்கணக்கா இழுத்தடிக்கவனுக்கு எவன் கொறைப்பான்.

மிச்ச ஸ்ட்ரிப் ஆபீஸ் அலமாரியில இருக்கு, டேட் முடியதுக்கு முன்ன வந்து பாத்துக்கிடுங்க. சந்தா பாக்கி உள்ளவிய இன்னைக்கே ரசீது போட்டுக்கிடணும்.

செயலாளர்