'மெ' எழுத்துக்கு ஒரு ஜப்பான் பாட்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் ஜப்பான் மொழி படிக்கிற பிள்ளைகளுக்காக ஒரு பக்கம் போட்டிருந்தீர்கள். அதன் கீழ்மூலையில், கரோக்கேயில் பாட்டுக்குப் பாட்டு விளையாட ஏற்றவை என்று எட்டுப் பாட்டுகள். எல்லாம் பேர் வாங்கிய பாட்டுகள்தான், அதில் குறையில்லை. ஆனால் எட்டில் மூன்று 'ன்' என்று முடிகின்றன. அதை நம்பி விளையாட உட்கார்ந்தால் தோற்றுத்தான் எழுந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் இந்தப் பொங்கலுக்கே அப்படித் தோற்றோம், அதனால் எழுதுகிறேன்.

நான் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் முப்பத்தோரு வருடம் ஓவர்லாக், ஃபிளாட்லாக் மெஷின்களுக்கு மெக்கானிக்காக இருந்தவன். இப்போது காங்கேயம் பக்கம் தோட்டத்தில் இருக்கிறேன். மகள் வயிற்றுப் பேத்தி நகோயாவில் வேலை பார்க்கிறாள். தன்னோடு வேலை செய்யும் இரண்டு ஜப்பான் பெண்களைப் பொங்கலுக்குக் கூட்டி வந்திருந்தாள். பட்டிப் பொங்கல் முடிந்து, அரிசிம்பருப்புச் சாதம் சாப்பிட்டு, வாசலில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்ததும் ஆரம்பித்தாள்: "அப்புச்சி, பாட்டுக்குப் பாட்டு வெக்கலாங்களா? ஜப்பான் பாட்டு மட்டுந்தான்."

அங்கே இந்த வகை விளையாட்டுக்கு ஷிரிதோரி என்று பேர். ஷிரி என்றால் பின்புறம், தோரி என்றால் எடுப்பது. நம் புலவர்கள் அந்தாதி என்று கௌரவமாகச் சொன்னதை அவர்கள் பச்சையாகச் சொல்லிவிட்டார்கள். ஒருவர் சொன்ன சொல்லின் கடைசி எழுத்தில் அடுத்தவர் சொல் தொடங்க வேண்டும். 'ன்' என்று முடித்தவர் அவுட், ஏனென்றால் அந்த எழுத்தில் தொடங்கும் சொல்லே அவர்களிடம் கிடையாது. கரோக்கேயில் சொல்லுக்குப் பதிலாகப் பாட்டின் தலைப்பு.

நம் பாட்டுக்குப் பாட்டில் பாடி நிறுத்துகிற இடத்தின் எழுத்துதான் கணக்கு. எங்கே நிறுத்துவது என்பது நம் கையில் இருக்கிறது. வம்பான எழுத்து வருகிறதென்றால் ஒரு சொல் முன்னாடியே மூச்சு விட்டுவிடலாம். தலைப்பில் அந்த வேலை நடக்காது. ஆகவே பாட்டைப் பொறுக்கும்போதே வாலைப் பார்த்துப் பொறுக்க வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஜப்பான் பாட்டு ஒன்றே ஒன்று. 1994இல் எங்கள் கம்பெனிக்கு மெஷின் பூட்ட வந்த ஜப்பான் இஞ்சினியர் ஒருவர் டீ நேரத்தில் அதை முணுமுணுத்துக்கொண்டே இருப்பார். கேட்டுக் கேட்டு, ஊசி நம்பர் எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் தமிழில் எழுதி வைத்துக்கொண்டேன். 'உவே ஓ முயிதே அருகோ'. மேலே பார்த்து நடப்போம் என்று அர்த்தம். கியூ சகாமோதோ 1961இல் பாடியது, 1963இல் அமெரிக்காவிலேயே முதலிடத்துக்குப் போனது. பாவம் அந்த மனிதர், 1985இல் விமான விபத்தில் போய்விட்டார்.

என் முறை வந்ததும் அதைப் பாடினேன். நாய்கூட எழுந்து பார்த்தது. முடித்துவிட்டு, "அடுத்து 'ஓ'" என்றேன். அந்தப் பெண்களில் ஒருத்தி தலையை ஆட்டினாள். எழுந்து போய் கோலப்பொடி டப்பாவை எடுத்து வந்து, சாணி தெளித்த வாசலில் நாலு எழுத்து எழுதிக் காட்டினாள். பேத்தி விரலை வைத்துப் படித்தாள்: அ, ரு, கொ, உ. காதுக்கு 'ஓ'. எழுத்திலோ கடைசியில் தனியாக ஒரு 'உ' நிற்கிறது. எழுத்துத்தான் செல்லுமாம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பாட்டுக்குத் தலையும் 'உ', வாலும் 'உ'. முளையில் கட்டின கன்றுக்குட்டி மாதிரி சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நிற்கிறது. அதை இறக்கினவன் 'உ'வில் எல்லாருக்கும் தெரிந்த பாட்டைத் தான் எடுத்துக்கொண்டு, எதிராளி தலையில் அதே 'உ'வைக் கட்டிவிடுகிறான். முப்பது வருடமாக நோட்டில் இப்படி ஒரு சீட்டை வைத்துக்கொண்டு தெரியாமல் இருந்திருக்கிறேன்!

அவர்கள் ஊரில் ஆளை மடக்க 'ரு'வைக் கொடுப்பார்களாம். ஜப்பானின் சொந்தச் சொற்களில் ரகரத்தில் தொடங்குவது கிடையாது. நமக்கும் தொல்காப்பியர் காலம் முதல் ர, ல இரண்டும் சொல்லுக்கு முதலில் வராதுதானே, அதனால்தானே இராமன், உலோகம் என்று முன்னால் ஒரு எழுத்தைச் சேர்க்கிறோம். (சுசுமு ஓனோ என்ற அறிஞர் தமிழும் ஜப்பானும் உறவு என்றார், மற்றவர்கள் ஒப்பவில்லை. அந்தப் பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை.) 1977இல் வந்த 'கிதகுனி நோ ஹாரு' அப்படி 'ரு'வில் முடிகிற பாட்டு. அதைப் பாடி எங்களை மடக்கப் பார்த்தார்கள். பேத்தி விடவில்லை. இங்கிலீஷிலிருந்து போன சொல் கைகொடுத்தது: 'ருபீ நோ யுபிவா', மாணிக்க மோதிரம், அகிரா தெராவோ 1981இல் பாடியது. இங்கிலீஷில் 'ரூபி' என்று நீட்டினாலும் ஜப்பானில் எழுதுவது குறில் 'ரு'தான், அதனால் செல்லும்.

அடுத்த சுற்றில் எங்களுக்கே 'வ' வந்தது. பேத்திக்கு தைவான் பாடகி தெரசா டெங் என்றால் உயிர். யோசிக்காமல் 'வகாரே நோ யோகன்' என்று ஆரம்பித்துவிட்டாள். நல்ல பாட்டு, நன்றாகவும் பாடினாள். பாடி முடிக்கும்வரை அந்தப் பெண்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள், அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து "ன்!" என்றார்கள். அவ்வளவுதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அங்கே கரோக்கே அறையில் பாட்டுத் தேட ஒரு பலகை கொடுப்பார்களாம், எழுத்தைத் தொட்டால் அதில் தொடங்கும் பாட்டெல்லாம் வந்துவிடும். அதன் வரிசை அ, க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. புத்த பிக்குகள் வழியாக சமஸ்கிருத எழுத்துப் பாடம் போய்ச் சேர்ந்ததால் வந்த வரிசை என்று பேத்தி சொன்னாள். நமக்கு அது படிக்காமலே பாடம். ஆக, தலையைத் தேட மெஷின் இருக்கிறது. வாலைத் தேடத்தான் ஆள் வேண்டும். உங்கள் பட்டியலில் பாடகர் படம் போட்ட இடத்தில் முதல் எழுத்து, கடைசி எழுத்து என்று இரண்டு கட்டம் போட்டிருந்தால் போதும். 'ன்' பாட்டுகளைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள். அல்லது 'ன்' வந்தால் அதற்கு முந்தின எழுத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளச் சொல்லுங்கள். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அதுதான் நல்லது.

நான் இப்போது நோட்டில் இன்னொரு சங்கிலி கட்டிக்கொண்டிருக்கிறேன். 1914 முதல் பள்ளிக்கூடத்தில் பாடுகிற 'ஃபுருசாதோ', 'தோ'வில் முடியும். அங்கிருந்து தெரசா டெங்கின் 'தோகி நோ நாகரே நி மி ஓ மகாசே', அதன் 'செ'யிலிருந்து 1972இன் 'செதோ நோ ஹனாயோமே'. அதோடு 'மெ'யில் வந்து நிற்கிறது. அந்தப் பெண்கள் அடுத்த தைக்கும் வருகிறார்கள். 'மெ'யில் தொடங்கி, 'ன்'னில் முடியாத ஜப்பான் பாட்டு தெரிந்த வாசகர்கள் உங்கள் முகவரிக்கு எழுதினால், மார்கழிக்குள் பிரசுரித்துவிடுங்கள். எனக்குப் பாடம் பண்ண ஒரு மாதமாவது வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தையல் மெஷின் மெக்கானிக்,
காங்கேயம்.