ஐந்து டெஸ்ட் கேப்டன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சௌக்கியம். பாட்டிக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, தைலம் தேய்க்க யாரையும் கிட்டே விடுவதில்லை. மாடியில் குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டார்கள். பெரியப்பா வழக்கு மறுபடி தை மாதத்துக்குத் தள்ளிப்போயிருக்கிறது.

போன் போட்டால் "சாப்ட்டேம்மா, தூங்கப் போறேன்" என்று வைத்துவிடுகிறாய். வாயைத் திறக்காமல் இருப்பது உன் அப்பா வீட்டுப் பழக்கம், உன்னைச் சொல்லி என்ன பண்ண. சின்ன மாமா உங்கள் ஆட்டத்து ஸ்கோர்கார்டைக் காட்டினார். எந்தப் பெயருக்குப் பக்கத்தில் கேப்டன் என்று போட்டிருக்கிறது என்பதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கப்போவதில்லை. பந்துவீச்சுப் பகுதியைத்தான் பார்த்தேன். எப்போதும் பத்து ஓவரையும் முடிக்கிறவள் மூன்று ஓவரோடு நின்றிருக்கிறாய். மூன்றில் பதினோரு ரன்தான் போயிருக்கிறது. அப்புறம் பந்து உன்னிடம் வரவில்லையா, வந்தும் நீ வேண்டாம் என்றாயா?

விரல்தான் காரணம் என்றால் சொல்லிவிடு. ஆள்காட்டி விரலின் மேல் கணுவில், பந்தின் தையல் (சீம்) உரசும் உள்பக்கத்தில், காய்த்த தோல் தடிமனாகிற வரை விடாதே. தடித்தால் மேலே கல் மாதிரி இருக்கும், அடியில் வெடிக்கும். ராத்திரி வெந்நீரில் பத்து நிமிஷம் ஊறவைத்து, நகம் தேய்க்கிற அட்டையால் லேசாகத் தேய்த்துவிடு. பிளேடு வைக்காதே. வெடித்துவிட்டால் டிங்சர் பென்சாயின் தடவிக் காயவிடு. பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு போனால் அம்பயர் கழற்றச் சொல்லுவார், அப்போது தோலும் சேர்ந்து வரும். இன்னொன்று, பயிற்சி வலையில் ஆண்கள் பந்தை எடுத்துப் போடாதே. உங்கள் பந்து 140 முதல் 151 கிராம், அவர்களுடையது 156 முதல் 163. சுற்றளவும் கூட. விரல் இன்னும் அகலமாக விரியும், ஒரு வாரம் அதில் போட்டுவிட்டு உன் பந்துக்குத் திரும்பினால் லெங்த், பந்து விழுகிற இடம், தவறும்.

விரல் இல்லை என்றால் வேறு என்ன என்று நான் கேட்கவில்லை. வெங்கட்டைப் பற்றி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். உன் வயதுக்காரர்களுக்கு வெங்கட்ராகவன் என்றால் வெள்ளைக் கோட்டு அம்பயர், அதுவும் யூடியூபில். அவரும் உன்னை மாதிரி ஆஃப் ஸ்பின்தான். கிண்டியில் இன்ஜினீயரிங் படித்தவர். 1965-ல் நியூசிலாந்து வந்தபோது அணிக்குள் வந்தார், வயது 19. அந்தத் தொடரிலேயே டில்லியில் ஒரு இன்னிங்ஸில் 72 ரன்னுக்கு 8, அடுத்ததில் 80-க்கு 4. உயரமான ஆள், கை நன்றாக மேலே போகும், பந்தை ரொம்பத் தூக்கிப் போடமாட்டார். அப்போது அணியிலிருந்த இன்னொரு ஆஃப் ஸ்பின்னர் பிரசன்னா காற்றில் ஏமாற்றுவார் என்றால் இவர் தரையில் எழும்ப வைப்பார். இரண்டு பேருக்கும் ஒரே இடம், அதுதான் சிக்கல். 1971-ல் வாடேகர் கேப்டன், வெங்கட் துணைக் கேப்டன். மேற்கிந்தியத் தீவுகளில் 22 விக்கெட் எடுத்தார். அங்கிருந்து இங்கிலாந்து போய் மூன்று டெஸ்டிலும் இவர்தான் ஆடினார், பிரசன்னா வெளியே உட்கார்ந்திருந்தார். காரணம் பந்து மட்டுமில்லை. வெங்கட் ஸ்லிப்புக்குப் பக்கத்தில் கல்லியில் நிற்பார், வால் பகுதியில் இருபது முப்பது ரன் சேர்ப்பார். கல்லியில் நிற்கிற ஸ்பின்னரை எந்த கேப்டனும் சுலபத்தில் விடமாட்டார். நீயும் கல்லியை விடாதே. கேப்டன் இல்லையென்றால் மிட் ஆஃபில் நிற்க வேண்டிய அவசியம் இல்லை, பழைய இடத்துக்கே போ.

1974 டிசம்பர். கிளைவ் லாயிடின் மேற்கிந்தியத் தீவுகள் அணி வந்திருந்தது. நம் கேப்டன் பட்டோடிக்கு விரலில் அடி, கவாஸ்கருக்கும் அடி. டில்லி டெஸ்டுக்கு வெங்கட் கேப்டன் ஆனார். ஆட்டக்காரராக அவருடைய முதல் டெஸ்ட் வெற்றி அதே ஊரில்தான், ஆனால் இந்த முறை விவியன் ரிச்சர்ட்ஸ் 192 அடித்து அவுட் ஆகாமல் நின்றார், இன்னிங்ஸ் மற்றும் 17 ரன்னில் தோல்வி. அடுத்த டெஸ்ட் கல்கத்தாவில். பட்டோடி திரும்பி வந்தார். முந்தின டெஸ்டின் கேப்டன் பன்னிரண்டாவது ஆள்! பன்னிரண்டாவது ஆள் என்றால் என்ன என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கையுறை, தண்ணீர், துண்டு. யாருக்காவது அடிபட்டால் ஃபீல்டிங் செய்யலாம், பந்து போட முடியாது, கேப்டனாகவும் நிற்கக் கூடாது. இரண்டு வாரத்துக்கு முன்னால் ஃபீல்டிங் வைத்தவர் அன்றைக்கு அடுத்தவர் வைத்த இடத்தில் ஓடவேண்டியது. இந்தியா அந்த டெஸ்டை 85 ரன்னில் ஜெயித்தது, அதனால் பேப்பரில் யாருக்கும் அவர் ஞாபகம் வரவில்லை.

டிசம்பரில் தண்ணீர் தூக்கியவர் ஆறே மாதத்தில் லார்ட்ஸில் இருந்தார். 1975 ஜூன், முதல் உலகக் கோப்பை, மறுபடி கேப்டன். இங்கிலாந்து 60 ஓவரில் 334. நம்மவர்கள் 60 ஓவரும் ஆடி 3 விக்கெட்டுக்கு 132. கவாஸ்கர் 174 பந்தில் 36, அதுவும் அவுட் ஆகாமல். இதற்குக் கேப்டன் என்ன செய்வது என்று யாராவது சொல்லட்டும். 1979 உலகக் கோப்பையிலும் அவர்தான் கேப்டன். மூன்று ஆட்டமும் தோல்வி, ஒன்று இலங்கையிடம், அப்போது அவர்களுக்கு டெஸ்ட் அந்தஸ்துகூட இல்லை. அந்தப் பொறுப்பு வந்ததே விநோதமாகத்தான் வந்தது. முந்தின சீசனில் மேற்கிந்தியத் தீவுகளை 1-0 என்று ஜெயித்து, தானே 732 ரன்னும் அடித்த கவாஸ்கரைக் கழற்றிவிட்டு இவரிடம் கொடுத்தார்கள். கேட்டு வாங்கினதில்லை. நன்றாகச் செய்தவரிடமிருந்தும் எடுத்திருக்கிறார்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

உலகக் கோப்பை முடிந்து நாலு டெஸ்ட். எட்ஜ்பாஸ்டனில் இங்கிலாந்து 5 விக்கெட்டுக்கு 633, விழுந்த ஐந்தும் கபில்தேவுக்கு. ஸ்பின்னர்-கேப்டனுக்கு இதைவிடக் கஷ்டமான நாள் கிடையாது. தன்னையே எப்போது போட்டுக்கொள்வது, எப்போது நிறுத்துவது? போட்டால் தன்னலம் என்பார்கள், போடாவிட்டால் பயம் என்பார்கள். நீ கேப்டனாக இருந்த சீசனில் உன் ஓவர்களைக் குறைத்துக்கொண்டே வந்தாய், நான் அப்போதே சொன்னேன், நீ கேட்கவில்லை. சரி விடு. லார்ட்ஸில் 96-க்கு எல்லோரும் அவுட், ஆனால் இரண்டாவது இன்னிங்ஸில் வெங்சர்க்காரும் விஸ்வநாத்தும் ஆளுக்கொரு நூறு அடித்துக் காப்பாற்றினார்கள்.

ஓவல் டெஸ்டைக் கொஞ்சம் நிதானமாகப் படி. கடைசி இன்னிங்ஸில் 438 வேண்டும். கவாஸ்கரும் சவுகானும் 213 சேர்த்தார்கள். கடைசி 20 ஓவர் தொடங்கும்போது ஒரு விக்கெட்டுக்கு 328. இன்னும் 110, ஒன்பது விக்கெட் கையில். 366-ல் வெங்சர்க்கார் போனார். மிச்சம் 72. இந்த இடத்தில் விஸ்வநாத் வரவேண்டிய வரிசை. வந்தது கபில்தேவ். பூஜ்யம். 367-க்கு 3. அடுத்து யஷ்பால். 389-ல் கவாஸ்கர் 221 அடித்துவிட்டு பாத்தம் பந்தில் மிட் ஆனில் பிடி கொடுத்தார். அதற்குப் பிறகுதான் விஸ்வநாத். அவர் 15. பிறகு 410, 411, 419, 423 என்று வரிசையாக விழுந்தது. வெங்கட் 6 ரன்னில் ரன் அவுட். 8 விக்கெட்டுக்கு 429-ல் ஆட்டம் முடிந்தது, ஒன்பது ரன் பாக்கி. முடியும்போது நின்றது காவ்ரியும் நம்ம பரத் ரெட்டியும்.

கபிலை மேலே அனுப்பியது முட்டாள்தனம் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். முட்டாள்தனம் இல்லை. ஓவருக்கு ஆறு ஏழு தேவைப்படும்போது அடிக்கிறவனை அனுப்பத்தான் தோன்றும், எந்தத் தெருவில் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் இங்கிலாந்து கேப்டன் பிரியர்லி ஆட்களை எல்லைப் பக்கம் தள்ளி நிறுத்தியிருந்தார். ஆட்கள் தூரத்தில் நிற்கும்போது அடிக்கிறவன் தூக்கி அடித்துத்தான் ஆகவேண்டும், இடைவெளியில் தட்டுகிறவனுக்கு ஒவ்வொரு பந்திலும் ஒன்று இரண்டு சும்மா கிடைக்கும். அதனால் என் கணக்கில் அந்த நேரத்துக்கு விஸ்வநாத்தான். இதை நாற்பது வருஷம் கழித்து ஸ்கோர்புக்கை வைத்துக்கொண்டு நான் சொல்கிறேன். அங்கே நின்றவருக்குப் பால்கனியிலிருந்து மைதானத்தைப் பார்த்து முடிவெடுக்க, புது ஆள் உள்ளே போய்ச் சேரும் நேரம்தான் இருந்தது. கபில் இருபது ரன் அடித்திருந்தால் இன்றைக்கு வேறு மாதிரி பேசுவார்கள். நீ அந்த அரையிறுதியில் யாரை எந்த இடத்தில் அனுப்பினாய் என்று சின்ன மாமா சொன்னார். நான் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை, இங்கேயும் சொல்லவில்லை.

ஊர் திரும்புகிற விமானத்திலேயே, இனிமேல் கவாஸ்கர்தான் கேப்டன் என்று விமானி ஒலிபெருக்கியில் அறிவித்ததாக இன்றைக்கும் பேசப்படுகிறது. செலக்டர் ஒருவர் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அவ்வளவு கூடவா முடியாது? எனக்கு அதில் கோபம் வருவது பதவி போனதற்கில்லை, அத்தனை பேர் நடுவில் சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு கேட்கவைத்ததற்கு. உனக்கு யார் சொன்னார்கள், எப்படிச் சொன்னார்கள், மெசேஜிலா, நேரிலா? பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

கேப்டனாக மொத்தம் ஐந்து டெஸ்ட், வெற்றி இல்லை, இரண்டு தோல்வி, மூன்று டிரா. இதோடு கணக்கை மூடியிருக்கலாம். அவர் மூடவில்லை. அடுத்த சீசனில் அதே கவாஸ்கருக்குக் கீழே பந்து போட்டார். நடுவில் எடுத்துவிட்டார்கள், 1983-ல் மறுபடி கூப்பிட்டார்கள், கபில்தேவ் கேப்டனாக இருந்த அணியோடு மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போனார். ஓவலில் தான் மேலே அனுப்பிய அதே பையனின் தலைமையில்! கடைசி டெஸ்ட் அந்த வருஷம் ஜலந்தரில், வயது 38. 57 டெஸ்ட், 156 விக்கெட். அதில் அவர் கேப்டனாக இருந்தது ஐந்துதான், மீதி ஐம்பத்திரண்டில் வேறு யாரோ சொன்ன முனையிலிருந்துதான் போட்டிருக்கிறார். அம்பயர் ஆனது அதற்கும் பத்து வருஷம் கழித்து, 1993-ல். 73 டெஸ்டுக்கு நின்றார். 2002-ல் ஐ.சி.சி. அம்பயர்களின் எலைட் குழுவை அமைத்தபோது இந்தியாவிலிருந்து அவர் ஒருவர்தான்.

நீ இப்போது செய்யவேண்டியது கொஞ்சம்தான். எதிரணி ஆட்டக்காரிகளைப் பற்றி நோட்டில் எழுதி வைத்திருக்கிறாயே, அதைப் புது கேப்டனிடம் கொடுத்துவிடு. கேட்டால் மட்டும் சொல், கேட்காதபோது ஓவருக்கு நடுவில் போய்ப் பேசாதே, ஃபீல்டர்களைக் கையால் நகர்த்தாதே. பழக்கத்தில் கை தூக்கிவிடுவாய், கவனமாக இரு. பந்து கொடுத்தால் உனக்கு வேண்டிய ஃபீல்டை ஒரே மூச்சில் சொல்லு: லெக் சைடில் ஐந்து, ஆஃபில் நாலு, டீப் மிட்விக்கெட் வேண்டுமா வேண்டாமா. ஐந்துக்கு மேல் லெக்கில் நின்றால் நோ பால், அதைப் புதுசாக வந்தவர் பதற்றத்தில் எண்ணாமல் விடலாம், நீ எண்ணிக்கொள். முதல் ஸ்பெல்லில் அடிவாங்கினால் "போதும்" என்று நீயாகச் சொல்லாதே. அவர் நிறுத்தட்டும். கேட்டு வாங்கிப் போடு. வெட்கப்படாதே. விரலைப் பார்த்துக்கொள்.

கிட்பேகைக் கட்டி மூலையில் வைத்திருக்கிறாய் என்று உன் அறைத்தோழி சின்ன மாமாவின் பெண்ணிடம் சொன்னதாகக் காதில் விழுந்தது. துணி காயவைக்க இடமில்லாமல் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஸ்பைக்ஸ் ஈரத்தோடு பைக்குள் இருந்தால் துருப்பிடிக்கும், எடுத்து வெளியில் வை.

பார்சலில் டிங்சர் சீசா இரண்டு வைத்திருக்கிறேன், துணியில் சுற்றி. நார்த்தங்காய் ஊறுகாய் உன் அறைத்தோழிக்கு, உனக்குப் பிடிக்காது என்று தெரியும், உனக்கு எலுமிச்சை. அடுத்த மாதம் உங்கள் அணிக்கு இந்தப் பக்கம் ஆட்டம் இருக்கிறது என்று போட்டிருக்கிறது. டிக்கெட் எல்லாம் கிடையாது, கேட்டைத் திறந்துதான் வைத்திருப்பார்கள், யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். இருந்தாலும் நீ வரச் சொன்னால்தான் வருவோம். பாட்டியும் வருகிறேன் என்கிறார், அவருக்குப் படியில்லாத ஸ்டாண்ட் எது என்று விசாரித்து எழுது.

இப்படிக்கு,
அம்மா